ஆறாவது பெயர்

எதிர்வீட்டு ஐலாவின் மகள் லின்னியாவுக்குப் பத்து வயது. அவளும் என் மகள் பிரிட்டும் இன்னும் மூன்று தோழிகளும், கட்டை கட்டையாக அடுக்கி வீடு கட்டும் ஒரு கணினி விளையாட்டே கதியென்று கிடந்தார்கள். தங்கள் ஐவருக்கு மட்டும் தனி உலகம் வேண்டுமென்று அடம். அதற்கு எந்நேரமும் ஓடும் ஒரு சர்வர் கணினி தேவை. அதை வீட்டிலேயே வைப்பதா, கிளவுடில், அதாவது வெளி நிறுவனத்தின் கணினியில், வாடகைக்கு எடுப்பதா என்று ஒரு ஞாயிறு மதியம் ஐலா வீட்டில் வழக்கு நடந்தது. நானும் காப்பியோடு உட்கார்ந்திருந்தேன்.

ஐலாவின் தம்பி ரெய்னோவுக்குக் கணினித் துறையில் வேலை. "வாடகைக்கே எடுங்க மாமா. வீட்டுல வச்சா வெளியாளுங்க வர்றதுக்கு உங்க இன்டர்நெட்ல ஒரு வாசலைத் திறந்துவிடணும். எந்த ஊருன்னும் தெரிஞ்சிடும்."

ஐலாவின் கணவன் கர்ட்டிஸ் சிரித்தான். "மச்சான், நீ குளிக்கப் போனாலும் குடை எடுத்துட்டுப் போற ஆளு. எவன் மெஷின்லயோ எதுக்கு? என் பொண்ணு என் வீட்டுல, என் கண்ணு முன்னாடி விளையாடட்டும்."

"உன் கண்ணுதான் பாதி மாசம் சுரங்கத்துல இருக்கே" என்றாள் ஐலா.

"சரி, அந்த அஞ்சு பேரைத் தவிர யாரும் நுழைய முடியாதபடி பட்டியலாவது போடுங்க" என்றான் ரெய்னோ.

"போட்டுக்கலாம், போட்டுக்கலாம்."

எனக்கும் கர்ட்டிஸ் சொன்னதே சரியாகப் பட்டது. வாய்விட்டுச் சொல்லவும் செய்தேன். அன்றே கீழ்த்தளத்தில் பழைய கணினி ஒன்று ஓடத் தொடங்கியது. மறுநாள் அவன் தொலைதூரச் சுரங்க வேலைக்கு விமானம் ஏறிவிட்டான். பட்டியல் போடவில்லை.

பிப்ரவரியில் ஒருநாள் பனி கொட்டி, பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். மகளின் தோளுக்குப் பின்னால் நின்று ஐலா திரையைப் பார்த்தாள். லின்னியா கட்டிய கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு. மூன்று படிகள், சிவப்புத் தபால்பெட்டி, பக்கவாட்டில் பச்சைக் கதவு. அவர்கள் குடியிருக்கும் வீடேதான்.

"நீயா கட்டுனே?"

"இல்லம்மா, வில்லோ. பிரிட்டோட சொந்தக்காரப் பொண்ணு."

ஐலா எனக்குப் போன் செய்தாள். நான் பிரிட்டைக் கேட்டேன். பான்கேக்கை மென்றுகொண்டே அவள் சொன்னாள்: "வில்லோவா? அவ லின்னியாவுக்குச் சொந்தமில்ல?"

பனியில் விழுந்தடித்து ஓடினேன். ஆறு வாரப் பேச்சும் அந்தக் கணினியில் பதிவாகியிருந்தது. எல்லாம் சின்னச் சின்னக் கேள்விகள். உங்க வீட்டுக் கதவு என்ன கலர்? நாய் கடிக்குமா? அப்பா எப்போ கிளம்புறார்? ஓரிடத்தில் என் மகளின் பதில்: "பஸ் மூணே முக்காலுக்கு வரும். முனையில இறங்கி நாங்களே நடந்துடுவோம்." அந்த வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை.

அப்போதே திரையில் புதிதாக ஒரு வரி விழுந்தது. "லின்னியா, எங்க போயிட்டே?"

ஐலா தட்டினாள்: "நான் அவளோட அம்மா. நீ யாரு?"

பிறகு:

"அப்போ அப்பா ஊர்ல இல்ல."

ஐலா வயரைப் பிடுங்கி எறிந்தாள்.

போலீஸ் வந்து கணினியை எடுத்துப் போனது. இரண்டு வாரம் கழித்து ஒரு பெண் அதிகாரி வந்து சொன்னாள்: பேசியவர் எங்கள் ஊரிலேயே, பொது வைஃபை உள்ள ஒரு கடைவளாகத்திலிருந்துதான் பேசியிருக்கிறார். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கானோர் வந்துபோகும் இடம். அதற்குமேல் துப்பு இல்லை.

கர்ட்டிஸ் லீவு போட்டு வந்து, கீழ்த்தளத்தில் காலி மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். ரெய்னோ அவனை ஒரு சொல்லாலும் குத்திக்காட்டவில்லை. கிளவுடில் இடம் பிடித்து, ஐந்து பெயர்களை மட்டும் பட்டியலில் ஏற்றிக் கொடுத்தான். பிள்ளைகள் மீண்டும் அந்த உலகத்துக்குள் போனார்கள். ஆனால் லின்னியா அதன்பின் வீடு கட்டவில்லை. சுரங்கம் மட்டுமே தோண்டினாள்.

அனுமதி மறுக்கப்பட்டவர்களின் பதிவைத் தினமும் பார்ப்பது ஐலாவின் வேலையானது. புது இடத்தை அந்த ஆள் எப்படிக் கண்டுபிடித்தாரோ, மூன்றாம் நாளிலிருந்து தினமும் மதியம் அதே பெயர்: வில்லோ. அதையும் போலீசிடம் கொடுத்தோம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்திலிருந்து வந்ததென்றார்கள்.

"தட்டட்டும்" என்றாள் ஐலா. "தட்டுற வரைக்கும் எங்கயோ உட்கார்ந்திருக்குன்னு தெரியுதுல்ல."

மார்ச்சில் ஒரு வியாழன், மூன்றரை மணிக்கு அவள் போன் வந்தது.

"இன்னைக்குத் தட்டல."

குளிர்ச்சட்டைகூட மாட்டாமல் இருவரும் முனைக்கு ஓடினோம். பஸ் சரியான நேரத்துக்கு வந்தது. எங்கள் கோலத்தைப் பார்த்துப் பிள்ளைகள் இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன. நாங்கள் தெருவின் இரு பக்கமும் நின்றிருந்த கார்களுக்குள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தோம்.

மறுநாளும் அந்தப் பெயர் வரவில்லை. அதற்கப்புறம் வரவே இல்லை. இது ஜூன். நாங்கள் இன்னும் தினமும் முனைக்குப் போகிறோம்.