நீர்யானை காட்டுகிறவன்

கிசுமுவுக்கு வருகிறவர்கள் மூன்று காரியம் முடிக்காமல் ஊர் திரும்புவதில்லை. ஏரிக்கரைக் கொட்டகையில் உட்கார்ந்து முழு மீனைப் பொரிக்கச் சொல்லித் தின்பார்கள். சூரியன் மறைவதைப் படம் பிடிப்பார்கள். படகில் ஏறி நீர்யானை பார்ப்பார்கள். மீனும் சூரியனும் தவறாமல் கிடைக்கும். நீர்யானைதான் தன் இஷ்டத்துக்கு வரும். அது வராத நாட்களில் அதை வரவழைப்பது என் தொழில்.

எங்கள் படகுத்துறையில் பதினோரு படகோட்டிகள். எல்லோருக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு: நீர்யானைக்கு இருநூறு அடிக்குள் படகைக் கொண்டுபோகக் கூடாது. நல்ல விதிதான், படகையே கவிழ்த்துவிடும் மிருகம் அது. ஆனால் இருநூறு அடி தூரத்தில், ஆகாயத்தாமரைக்கு நடுவே, மிதக்கிற கட்டைக்கும் நீர்யானைக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. "அதோ, முதுகு தெரியுதா? வயசான ஆண். கிட்டப் போனா ஆபத்து" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால் போதும், பார்க்கிறவர்கள் கட்டைக்கு மீசைகூட இருப்பதாகச் சொல்வார்கள். இதை எல்லோரும் செய்தோம். நான் மற்றவர்களைவிடக் கொஞ்சம் நன்றாகச் செய்தேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

ஒசேவே மட்டும் செய்யமாட்டார். "இன்னைக்கு நீர்யானை இல்லீங்க, கொக்கு வேணா பாருங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். அதனால் அவர் படகுக்கு ஆள் சேராது. வாரத்தில் மூன்று நாள் வலை போடப் போய்விடுவார்.

"டேய் ஓலால், அந்தக் கட்டைக்கு ஒரு பேராவது வைடா. பாவம், உனக்காக எவ்ளோ உழைக்குது" என்பார் என்னிடம்.

"அண்ணே, உங்க பேரையே வச்சிடவா? ரெண்டும் ஒரே கனம்தான்" என்பேன்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் அவர் மேற்கே உசோமா பக்கம் வலை எடுக்கப் போனார். மதியம் பெருங்காற்று அடித்தது. எங்காவது கரையொதுங்கி யார் வீட்டிலாவது டீ குடித்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தோம். இருட்டிய பிறகுதான் பயம் வந்தது.

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் துறையே மேற்குப் பக்கம் தேடியது. ஒரு துடுப்பு கிடைத்தது. அதோடு சரி.

எங்கள் லுவோ இனத்து ஆட்களுக்கு வெறும் குழியை மூட மனசு வராது. உடல் கிடைக்காவிட்டால் யாகோ மரத்துக் காயைப் பறிப்போம். முழங்கை நீளத்துக்குச் சுரைக்காய் மாதிரித் தொங்கும். அதை வெள்ளைத் துணியில் சுற்றி, செத்த ஆளுக்கு என்னென்ன செய்வோமோ அத்தனையும் செய்து புதைப்போம். சனிக்கிழமை மதியம் ஒசேவேயின் காயைப் புதைப்பதென்று முடிவாயிற்று. பறிக்கிற வேலையும் அடக்கத்தில் மைக் பிடித்துப் பேசுகிற வேலையும் நெருங்கிய சிநேகிதன் என்று எனக்கு வந்தன.

மரத்தடியில் நின்று ஒசேவேயின் பெரியப்பா ஒபிலோ கத்திக்கொண்டிருந்தார். "நல்லாப் பெருத்ததாப் பறிடா! எங்க வீட்டுப் பிள்ளையப் பிஞ்சாவா புதைக்கிறது?"

"பெரியப்பா, மரத்துல இருக்கிறதத்தானே பறிக்க முடியும்? அளவெடுத்துத் தைக்கவா முடியும்?"

பறித்ததில் பெரியதைக் கொண்டுபோய் ஒசேவேயின் மனைவி அகெச்சிடம் கொடுத்தேன். அவள் அதை இரண்டு கையிலும் ஏந்திப் பார்த்தாள்.

"என்ன தம்பி, இவ்ளோ ஒல்லி? அவரு ஏறினா படகே ஒரு பக்கம் சாயும்."

"இதுக்கு மேல மரத்துல இல்ல அண்ணி."

"பட்டினி போட்டுக் கொன்னுட்டேன்னு ஊரு பேசப்போகுது" என்று சிரித்தாள். பிறகு துணியை விரித்து அவளே சுற்றினாள். சுற்றும்போது கை நின்றுவிட்டது. "நிஜமாவே அவரு கிடைக்கமாட்டாரா? இந்தக் காய்கிட்ட உக்காந்து நான் என்னன்னு பேசறது? இது என் புருஷன்னு என் வாயில வரமாட்டேங்குதே."

அவிழ்ந்துகிடந்த துணி முனையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

அப்போதுதான் என் போனுக்கு மூன்று படங்கள் வந்தன. அனுப்பியவர் நியேரியிலிருந்து வந்த வஞ்சுகு அம்மா. நீளக் குழல் வைத்த கேமராவோடு, செவ்வாய்க்கிழமை காற்று ஓய்ந்த பிறகு நான் ஏரிக்கு அழைத்துப்போன விருந்தாளி. படங்களோடு ஒரு செய்தியும் இருந்தது.

"தம்பி, இது நீர்யானை இல்ல, கவுந்த படகுன்னு எங்க வீட்டுக்காரர் சாதிக்கிறார். காட்டினவரே நீர்யானைன்னு சொன்னாரு, உங்களுக்கென்ன தெரியும்னு நான் கேக்க, ரெண்டு நாளா சண்டை. நீங்களே பெருசு பண்ணிப் பார்த்து அவருக்கு ஒரு பதில் அனுப்புங்க."

கழிப்பறைக்குப் பின்னால் போய் நின்று பெரிசாக்கிப் பார்த்தேன்.

வீட்டுக்காரர் சொன்னதுதான் சரி. கவிழ்ந்த படகின் அடிப்பாகம். அதன்மேல் குப்புறக் கிடந்தார் ஒரு மனிதர், அந்தத் தோள்களை எனக்குத் தெரியும். முதல் படத்தில் கை தண்ணீரில் தொங்கியது. இரண்டாவதில் மேலே தூக்கியிருந்தது. மூன்றாவதில் முகம் எங்கள் பக்கம் திரும்பியிருந்தது.

அன்றைக்கு வஞ்சுகு அம்மா கேட்டது ஞாபகம் வந்தது. "ஏதோ தூக்குதே, என்னது?"

"காது, மேடம். நமக்கு வணக்கம் சொல்லுது."

படகே சிரித்தது. நாங்கள் எல்லோரும் பதிலுக்குக் கையசைத்தோம். நானும் அசைத்தேன். பிறகு எஞ்சினைக் கிளப்பி, விருந்தாளிகளைச் சூரியன் மறைகிற பக்கம் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே நின்று என்ன யோசித்தேன் என்பதை மறைக்கப்போவதில்லை. படங்களை அழிக்க ஒரு விரல் போதும். இன்னும் இரண்டு மணி நேரத்தில் காய் குழிக்குள் போய்விடும். காயைப் பறித்தவன், மைக்கில் நாலு நல்ல வார்த்தை பேசியவன் என்று ஊர் என்னைச் சொல்லும். ஏரி கொண்டுபோனது என்று அகெச் நம்புவாள். ஏரியைத் திட்டினால் ஏரி கோபித்துக்கொள்ளாது.

ஆனால் மூன்றாவது படத்தில் படகுக்குப் பின்னால் நியாண்டோ ஆறு ஏரியில் விழுகிற கோரைக்காடு தெளிவாகத் தெரிந்தது. அது கிழக்கே. காற்று அவரை மொத்த வளைகுடாவுக்கும் குறுக்கே தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. நாங்கள் தேடியது மேற்கே.

பெண்கள் சோளமாவு கிளறிக்கொண்டிருந்த இடத்துக்குப் போனேன்.

"அண்ணி, கொஞ்சம் வாங்க."

"என்ன, காய் இன்னும் இளைச்சிடுச்சா?"

போனைக் கொடுத்தேன். அவள் முதல் படத்தைப் பார்த்தாள். இரண்டாவதைப் பார்த்தாள். மூன்றாவதில் விரலை வைத்தபடி நின்றாள்.

"யாரு எடுத்தது?"

"என் படகுல வந்தவங்க."

"எப்போ?"

"செவ்வாய்க்கிழமை. நாலரை மணி."

"நீ எங்க இருந்த?"

"படகுலதான், அண்ணி. இருநூறு அடி இருக்கும்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. போனைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு முற்றத்துக்கு நடந்தாள். "பெரியப்பா, அந்தக் காயை எடுத்து ஓரமா வைங்க. அவரு இருக்கிற இடம் தெரிஞ்சிடுச்சு."

"பொம்பளை நீ வரக்கூடாதும்மா, ஆம்பளைங்க போறோம்" என்றார் ஒபிலோ.

"இத்தனை நாளா ஆம்பளைங்கதான் போனீங்க" என்றாள் அவள்.

நான்கு படகுகள் போயின. என் படகின் முன்பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். நியாண்டோ முகத்துவாரத்தில் ஆகாயத்தாமரை பச்சைத் தரை மாதிரி இறுகிக் கிடந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டு அரிவாளால் வெட்டி வழி எடுத்தோம். ஒரு மணி நேரம் ஆயிற்று. முதலில் வாடை வந்தது. பிறகு கோரைக்குள் ஒசேவேயின் படகு கவிழ்ந்தபடியே செருகியிருப்பது தெரிந்தது. பக்கத்தில் அவர்.

அவரது இடது மணிக்கட்டு வலைக்கயிற்றால் படகு மூக்கின் வளையத்தோடு கட்டப்பட்டிருந்தது. ஒபிலோ குனிந்து முடிச்சைத் தொட்டுப் பார்த்தார்.

"தூங்கி விழுந்துடக் கூடாதுன்னு கட்டியிருக்கான்" என்றார். "ராத்திரி வரைக்கும் இருந்திருக்கான்."

அடுத்த படகிலிருந்து ஒருவன் கத்தியை நீட்டினான்.

"வெட்டாதீங்க" என்றாள் அகெச். "இது அவரு போட்ட முடிச்சு." குனிந்து நகத்தாலும் பல்லாலும் அவளே அவிழ்த்தாள். அந்த வாடையில் நாங்கள் ஆண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றோம்.

உடலைத் தார்ப்பாயில் சுற்றி என் படகில்தான் ஏற்றினோம். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. பாதி வழி வந்திருப்போம்.

"அவங்ககிட்ட என்ன சொன்ன?" என்று கேட்டாள் அகெச்.

"யார்கிட்ட அண்ணி?"

"விருந்தாளிங்ககிட்ட. இவரைக் காட்டி."

"வேண்டாம் அண்ணி."

"சொல்லு ஓலால்."

அவள் என்னைத் தம்பி என்று கூப்பிடவில்லை.

"வயசான ஆண்னு சொன்னேன். கூட்டத்தோட சண்டை போட்டுட்டுத் தனியாத் திரியுதுன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"கையைத் தூக்கினதக் காதுன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"எல்லாரும் கையசைச்சோம்."

"நீயுமா?"

"நானும்தான்."

அவள் என்னை அடித்திருக்கலாம். சுக்கானைப் பிடித்திருந்த நான் முகத்தைத் தயாராகவே வைத்திருந்தேன். அவள் தார்ப்பாயின் ஓரத்தை இழுத்து, வெளியே தெரிந்த காலை மூடினாள்.

"இன்னைக்கு மைக்ல பேசறது நீதானே?"

"வேற யாராவது பேசட்டும் அண்ணி. நான் குழிகிட்டகூட வரல, தூரமா நின்னுக்கறேன்."

"தூரமா நின்னது போதும். என்கிட்ட சொன்னத அங்க சொல்லு. ஒண்ணையும் விடாத. யாரையும் சிரிக்க வைக்காத."

உடல் இருந்த நிலையில் அன்றைக்கே அடக்கம் செய்தாக வேண்டும். வெயில் சாய்வதற்குள் பந்தலில் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. முன்வரிசையில் எங்கள் துறைக்காரர்கள் ஒன்பது பேர் இருந்தார்கள். விஷயம் அதற்குள் அவர்கள் காதுக்குப் போயிருந்தது. ஒன்பது பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரவர் எத்தனை கட்டை காட்டினோம், அதில் எதெல்லாம் நிஜமாகவே கட்டை என்று எண்ணிக்கொண்டிருந்தார்களோ என்னவோ.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். மைக்கைக் கையில் வாங்கினேன். இந்த ஊரில் இருபது சாவுக்காவது நான் பேசியிருக்கிறேன். நான் எழுந்தாலே ஜனங்களுக்கு முகம் மலரும். பின்வரிசையில் யாரோ ஒருவர் பழக்கதோஷத்தில் முன்கூட்டியே சிரித்தும்விட்டார்.

அகெச் சவப்பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு எங்க அண்ணன் உயிரோட இருந்தாரு" என்று ஆரம்பித்தேன். "நான் பார்த்தேன்."