இன்னும் வராத காபி

கிறிஸ்துமஸ் அன்று காலை, மலைக்கு அந்தப் பக்கம் ஸஹ்லேயில் ஷஃபீக் இறந்துபோனார் என்று போன் வந்தபோது, பெய்ரூத்தில் அவர் தம்பி ஃபத்லோ வீட்டில் விருந்துக்குப் பின் என்ன இனிப்பு வைப்பது என்ற வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது.

போனை எடுத்தது வதாத். ஷஃபீக்குக்குத் தங்கை, ஃபத்லோவுக்கு அக்கா. அறுபத்தொரு வயது, கல்யாணமாகவில்லை. தம்பி வீட்டில் சமையலறைக்குப் பின்னால் ஓர் அறை அவளுக்கு.

"தூக்கத்துலயே போயிட்டாரும்மா," என்றாள் முதியோர் இல்லத்துக் கன்னியாஸ்திரி. "பக்கத்துப் படுக்கையில இருந்தவங்களுக்குக்கூடத் தெரியல."

வதாத் கறுப்பு உடைக்கு மாறி, கூடத்துக்கு வந்து சொன்னாள். ஃபத்லோ நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு, விரல்களுக்கு நடுவே கடிகாரத்தைப் பார்த்தான். அவன் மனைவி ஜானெத் அதை ஏற்கெனவே பார்த்து முடித்திருந்தாள்.

"இன்னிக்கா? பன்னெண்டு வருஷம் படுக்கையில கெடந்த மனுஷன், இன்னும் ரெண்டு நாள் கெடக்கக் கூடாதா?"

இரண்டு மணிக்கு டாக்டர் குடும்பம் வருகிறது. பல் டாக்டர்தான், ஆனால் அந்த வீட்டில் யாரும் பல்லைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். மகள் நாயிலாவுக்கும் டாக்டரின் மகனுக்கும் இன்று வாக்குக் கொடுத்து மோதிரம் போடுவதாக ஏற்பாடு. பையன் இருபத்தேழாம் தேதி மொன்றியாலுக்குத் திரும்புகிறான். சாவு வெளியே தெரிந்தால் நாற்பது நாளைக்கு நல்ல காரியம் கிடையாது. அந்த நாற்பது நாளில் கனடாவின் குளிர் எவளையாவது அவன் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைத்துவிடும்.

"மலைப்பாதை பனியில அடைச்சிருக்கு. நாளைக்குத்தான் போக முடியும்," என்று ஜானெத் தீர்ப்புச் சொன்னாள். "அதனால அவர் நாளைக்குத்தான் இறந்தாரு."

"ஒரு நாள்தானே அக்கா," என்றான் ஃபத்லோ. "அண்ணனே இருந்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பாரு."

உண்மைதான். லாரி ஓட்டித் தம்பியைப் பாதிரிமார் பள்ளியில் பிரெஞ்சு படிக்க வைத்த மனுஷர் அதைத்தான் சொல்லியிருப்பார். வதாதுக்கு அதுதான் தாங்கவில்லை.

இனிப்பு விவகாரம் மறுபடி எழுந்தது. அதுவரை ஜானெத் ஒரே பிடியாக இருந்தாள்: பிரெஞ்சுப் பெயர் வைத்த கடையிலிருந்து மரக்கட்டை வடிவ சாக்லேட் கேக், அது மட்டும்தான். வதாத் முந்தின நாள் கிளறிவைத்த மெக்லி மேசைப் பக்கமே வரக்கூடாது. அரிசி மாவும் பட்டையும் சோம்பும் போட்ட மண் நிறக் களி அது. வீட்டில் பிள்ளை பிறந்தால் செய்வது, குழந்தை இயேசு பிறந்ததற்காக இன்றும் செய்வது. ஜானெத்துக்கு அது பட்டிக்காட்டுப் பண்டம். ஷஃபீக்குக்கு உயிர். அவருக்கும் அவர் அறையில் இருக்கும் ஐந்து கிழவர்களுக்குமாக ஆறு கிண்ணம், நாளைக்கு எடுத்துப் போவதற்காகச் செய்திருந்தாள்.

"சாவு வீட்டுல இனிப்பு இருக்காது," என்று ஜானெத் விரலை நீட்டினாள். "பழத்தை மட்டும் வெச்சா டாக்டர் பொண்டாட்டி அந்த நெல்லி மோப்பம் பிடிச்சிடுவா. கேக்கும் வைப்போம், மெக்லியும் வைப்போம். பிள்ளை பொறந்த இனிப்பு இருக்கற வீட்டுல சாவுன்னு எவ நெனைப்பா?"

"அது அண்ணனுக்குச் செஞ்சது."

"அவருக்கு இனிமே எதுக்கு? ஆறு பேரு, ஆறு கிண்ணம், கணக்காத்தான் இருக்கு. போய் அந்தக் கறுப்பை அவுத்துட்டு நீலத்தைப் போடு வதாத். இனிப்பு முடிஞ்ச உடனே சொல்லிடலாம், சத்தியமா."

இப்படியாகச் செத்த மனுஷரால் அந்த வீட்டில் இனிப்பு இரட்டிப்பானது.

விருந்தினர் வந்தார்கள். ஃபத்லோ வான்கோழியை அறுத்தபடி ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பிரெஞ்சு வாக்கியம் சொன்னான். டாக்டர் தலையாட்டினார், அவருக்குப் புரிந்தது வான்கோழி. டாக்டரின் மனைவி நெல்லி முத்துமாலையை நிமிண்டியபடி கேட்டாள்:

"ஸஹ்லேயில உங்க பெரிய அண்ணன் ஒருத்தர் இருந்தாரே, எப்படி இருக்காரு?"

ஃபத்லோவின் கத்தி நிற்கவில்லை. "பிரமாதமா இருக்காரு. காலையிலகூட போன்ல வாழ்த்துச் சொன்னாரு."

நெல்லி அவனைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "சந்தோஷம்," என்றாள்.

வதாத் காலித் தட்டுகளோடு உள்ளே போனாள். ஆறு கிண்ணங்களிலும் ஊறவைத்த பாதாமைத் தோலுரித்துத் தூவினாள். மண்மேல் கிடக்கும் வெள்ளைப் பற்கள்போல் இருந்தது. கேக்கை எடுக்கப் போன கை காபிப் பாத்திரத்தை எடுத்தது. சர்க்கரை டப்பாவரை போய்த் திரும்பி வந்தது.

இனிப்புக்காகக் காத்திருந்த ஆறு பேர் முன்னாலும் ஆறு சின்னக் கோப்பைகளை வைத்தாள். ஒரு வாய் குடித்ததும் எல்லாருக்கும் புரிந்தது. பண்டிகை நாளில், யாரும் கேட்காமல், சர்க்கரையில்லாத காபி வந்தால் அந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"கடவுள் அவரு ஆத்மாவுக்கு இளைப்பாறுதல் தரட்டும்," என்றாள் நெல்லி.

"யாருன்னு கேக்கலையே?" என்றாள் வதாத்.

"என் சித்தி பொண்ணு அந்த முதியோர் இல்லத்துலதாம்மா கன்னியாஸ்திரி. பதினோரு மணிக்கே சொல்லிட்டா. நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன். சொல்லல. எங்களுக்கும் டிக்கெட் போட்டாச்சு, மோதிரம் வாங்கியாச்சு. அதான் பேசாம இருந்துட்டோம்."

ஜானெத்தின் முகத்தில் ரத்தம் திரும்பியது. டாக்டர் தொண்டையைச் செருமினார். அன்று அவர் பேசிய ஒரே விஷயம் இதுதான்:

"காபி இனிப்புக்கு அப்புறம் வர்றதுதானே வழக்கம்? வாக்குக் கொடுத்து, இனிப்பு சாப்பிட்டு, அதுக்கப்புறம் காபி வந்திருந்தா யாரு என்ன சொல்ல முடியும்?"

மேசையைச் சுற்றி ஒரு நிம்மதி பரவியது. ஃபத்லோ அக்காவின் முகத்தைப் பார்க்காமல் கோப்பையைத் தள்ளினான்.

"அக்கா, இந்தக் காபி இன்னும் வரல. உள்ள எடுத்துட்டுப் போ. முதல்ல இனிப்பு வரட்டும்."

ஆறு பேரும் ஒவ்வொருவராக வதாதின் தட்டில் கோப்பையைத் திரும்ப வைத்தார்கள். நாயிலா மட்டும் "அத்தை..." என்று ஆரம்பித்தாள். ஜானெத் மேசைக்கடியில் என்ன செய்தாளோ, அவளும் வைத்துவிட்டாள்.

உள்ளே போன வதாத் திரும்பி வரவில்லை. ஜானெத்தே வந்து கேக்கையும் கிண்ணங்களையும் தூக்கிப்போனாள். கொஞ்ச நேரத்தில் கைதட்டல் கேட்டது. பிறகு நெல்லியின் குரல்:

"அடடா, இந்த மெக்லி யாரு செஞ்சது? எங்கம்மா கைப்பக்குவம் அப்படியே இருக்கே!"

"நானேதான்," என்றாள் ஜானெத்.

சமையலறை முக்காலியில் வதாத் நீல உடையோடு உட்கார்ந்திருந்தாள். துக்கத்துக்கு வந்த காபியை யாராவது குடித்தாக வேண்டும். முதல் கோப்பையை எடுத்தாள். நெல்லியுடையது, விளிம்பில் உதட்டுச் சாயம். பிறகு டாக்டருடையது, பையனுடையது, ஜானெத்துடையது. நாயிலாவுடையதற்கு வரும்போது எல்லாம் ஆறிப்போயிருந்தது.

ஆறாவது ஃபத்லோவுடையது. காபி இன்னும் வரவில்லை என்று சொல்வதற்குள் அவன் பாதி குடித்திருந்தான். அண்ணனுக்கு அவன் செய்தது அந்தப் பாதி. மீதியை அவள் குடித்தாள்.