அம்மா வழியாக மட்டும்

பள்ளிச் சீருடை தைப்பவள் என்பதால், டாக்டரின் வெள்ளைக் கோட்டில் பாக்கெட் ஓரம் பிரிந்திருந்ததுதான் முதலில் அவள் கண்ணில் பட்டது. இரண்டு நிமிட வேலை, யாரும் கவனிக்கவில்லை போல, என்று நினைத்துக்கொண்டாள். பயத்தில் மனசு இப்படித்தான் எதையாவது பிடித்துக்கொள்கிறது.

ஒன்பது வயது மகளை வீட்டில் எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறு வயது வரைக்கும் அந்தப் பெயருக்கு அவள் ஒரு குறையும் வைத்ததில்லை. அதற்குப் பிறகு மாடிப்படியில் பாதியிலேயே உட்கார ஆரம்பித்தாள். போன மாதம் தொடையிலிருந்து துளித் தசை எடுத்துச் சோதித்தார்கள். அதன் முடிவைக் கேட்கத்தான் இன்று புருஷனும் பெண்டாட்டியுமாக வந்திருந்தார்கள்.

டாக்டர் ஒரு தாளைத் திருப்பிப் போட்டு வட்டம் வரைந்தார்.

"இது ஒரு செல்னு வச்சுக்கோங்க. இந்த ஓரம் இருக்கே, எது உள்ள வரணும், எது வெளிய போகணும்னு இதுதான் பார்த்துக்கும். நடுவுல இருக்கிறது உட்கரு. அப்பா பாதி, அம்மா பாதின்னு சொல்றோமே, அது இதுக்குள்ளதான்." உட்கருவைச் சுற்றிச் சின்னச் சின்ன அவரை விதைகளாக வரைந்தார். "இதுங்க மைட்டோகாண்ட்ரியா. சாப்பிட்டதை எரிச்சு சக்தியா மாத்துறது இதுங்க வேலை. செடிக்கும் உண்டு. செடியோட பச்சை செல்லுல, வெளிச்சத்தை வச்சு சாப்பாடு தயார் பண்ணவும் தனியா ஒண்ணு இருக்கு, நமக்கு அது கிடையாது. ஆனா எரிக்கிறதுக்கு ரெண்டுக்கும் இதுதான் வேணும். பாப்பாவுக்கு இதுல பலது சரியா வேலை செய்யல. தசைக்கு நிறைய சக்தி தேவை, அதனால அங்க முதல்ல தெரியுது."

"பரம்பரையா வர்றதா டாக்டர்?" இந்தக் கேள்வியை அவள் வெகுநாளாகத் தயாராக வைத்திருந்தாள். "இவங்க அக்காவுக்குக் கால் சரியில்ல. அங்கருந்துதான் வந்திருக்கணும்."

பக்கத்தில் இருந்த கணவன், லிஃப்ட் மெக்கானிக், தலையைக் குனிந்துகொண்டான்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாதும்மா" என்றார் டாக்டர். "மைட்டோகாண்ட்ரியாவுக்குன்னு தனியா கொஞ்சம் மரபணு இருக்கு. பாப்பாவுக்குப் பழுது அதுலதான். அது அம்மாவோட கருமுட்டை வழியா மட்டும்தான் வரும். உங்க அம்மா வீட்டுல யாருக்காவது சின்ன வயசுலயே காது மந்தம், சீக்கிரம் களைச்சுப்போறது, அப்படி ஏதாவது?"

நாற்பதிலேயே காது போன அம்மா. பத்தடி நடந்தால் உட்கார்ந்துவிடுகிற தாய்மாமன். அவரைத் தூங்குமூஞ்சி மாமா என்று கேலி செய்தே குடும்பம் சிரித்திருக்கிறது. அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"இது யாரோட தப்பும் இல்லம்மா. நீங்க வேணும்னேவா குடுத்தீங்க?"

செல்லுக்குள் இருந்தது அவள் தப்பில்லைதான். வாயிலிருந்து வந்தது?

இரண்டு வருஷத்துக்கு முன்னால், வீடு நிறைய உறவுக்காரர்கள். நாத்தனார் வாலுவை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்து, எல்லோரும் கேட்க, இவள் சொன்னாள்: "வியாதியை மறைச்சு உங்க தம்பிக்கு என்னைக் கட்டி வச்சுட்டீங்க. கீழே விழுந்து கால் போச்சுன்னு கதை வேற. என் பொண்ணைத் தொடாதீங்க." நாத்தனார் குழந்தையை மெதுவாக இறக்கிவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனவள்தான். அப்புறம் வாசற்படி மிதிக்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டினால் தேவலை. "சன்னல் பக்கம் உட்காரு, உனக்குக் குமட்டும்" என்றான். அவ்வளவுதான்.

மறுநாள் நாத்தனார் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனாள். பின்கட்டில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்த நாத்தனார் மெஷினை நிறுத்தினாள்.

"வாலுவுக்கு என்ன ஆச்சு?"

இவள் டாக்டர் வரைந்த வட்டத்திலிருந்து ஆரம்பித்தாள். ஒருவழியாகச் சொல்லி முடித்தாள். "என் வழியாத்தான் வந்திருக்கு அண்ணி. உங்க கால் கீழ விழுந்ததாலதான் போச்சு."

"அது எனக்குத் தெரியுமே. மதில் மேலருந்து விழுந்தது நான்தானே?" சிரிக்காமல் சொன்னாள் நாத்தனார்.

"மன்னிச்சிடுங்க அண்ணி."

"அன்னிக்கு ஊரே கேட்கிற மாதிரி சொன்னே. இன்னிக்கு என் காதுல மட்டும் வந்து சொல்றியே, இது என்ன நியாயம்?"

நியாயம்தான். அன்றைக்கு இருந்தவர்களையெல்லாம் நினைவுபடுத்தி, ஒவ்வொருவராகப் போன் போட்டாள். முதல் போனில் மைட்டோகாண்ட்ரியா என்று சொல்லும்போதே நாக்கு குழறியது. "மைக்கா? மைக்குக்கும் குழந்தைக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று சித்தப்பா கத்தியதில், பக்கத்தில் படுத்திருந்த வாலு விழுந்து விழுந்து சிரித்தாள். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்தடுத்த போன்களில் உட்கரு, கருமுட்டை எல்லாம் தடங்கலில்லாமல் வந்தன. கூச்சம் மட்டும் குறையவே இல்லை.

கடைசியாகப் பெரியம்மா. எல்லாவற்றையும் முழுசாகக் கேட்டுக்கொண்டாள்.

"அடிப்பாவி" என்றாள் பெரியம்மா. "உன் நாத்தனார் பொண்ணை எனக்குத் தெரிஞ்ச இடத்துல கேட்டாங்கடி. வியாதிக் குடும்பம், வேணாம்னு நான்தானே சொல்லி நிறுத்தினேன். நீ சொன்னதை நம்பித்தானே!"

போனை வைத்துவிட்டுத் தையல் மெஷின் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வேலையிலிருந்து வந்த கணவனிடம் சொன்னபோது, அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, "தெரியும்" என்றான். "அக்காதான் உன்கிட்ட சொல்ல வேணாம்னுட்டாங்க. அவளே குழந்தையைப் பத்தின கவலையில இருக்கா, இது வேறயான்னு."

நாத்தனார் இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறாள். வாலுவோடு பரமபதம் ஆடுகிறாள். தோற்றால் குழந்தையோடு குழந்தையாகச் சண்டை போடுகிறாள். இவளிடமும் கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். நாத்தனார் மகள் மட்டும் இன்னும் வரவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அவளையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்ல வேண்டும் என்று இவள் நினைக்கிறாள். கதவைத் திறந்து நாத்தனார் முகத்தைப் பார்த்ததும் வாய் வருவதில்லை.