நன்றிப் பட்டியலில் சதாசிவம்

சதாசிவம் சீட்டுக்கட்டைக் கையால் தொட்டதில்லை. கல்யாண மண்டபத்து மாடியில் ரம்மி நடக்கிறது என்று காதில் விழுந்தாலே தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடும் ஆசாமி. அப்பேர்ப்பட்டவருடைய பெயர் 2004-ல், சீட்டாட்டத்துக்கு விடை கண்டுபிடிக்கும் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமின் நன்றிப் பட்டியலில் வந்துவிட்டது.

வேலையைச் செய்தது அவர் மகள் மீரா. எம்.சி.ஏ. முடித்துவிட்டு செங்கல்பட்டு வீட்டில் இருந்தபடி வேலை தேடிக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டரில் தனியாக ஆடும் ஃப்ரீசெல் சீட்டாட்டத்தில் எந்தச் சீட்டை எங்கே நகர்த்தினால் ஜெயிக்கலாம் என்று சொல்லும் அந்தப் புரோகிராமை ஒரு போலந்துக்காரர் எழுதி, யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று இணையத்தில் போட்டிருந்தார். அதில் ஒரு பிழை. காலி வரிசைக்குச் சீட்டுகளை நகர்த்தும்போது, அந்த வரிசையையும் மிச்சமிருக்கும் இடமாகவே எண்ணிக்கொண்டது. பஸ்ஸில் நாம் உட்காரப்போகிற இடத்திலேயே பையையும் வைக்கலாம் என்று நினைப்பது மாதிரி. மீரா மூன்று வாரம் மல்லுக்கட்டிச் சரிசெய்து அனுப்பினாள். அனுப்பும்போது நிரப்பச் சொன்ன படிவம் குடும்பப் பெயர் கேட்டது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் போட்டாள். போலந்துக்காரர் அதை மட்டும் எடுத்து, "திரு. சதாசிவம், இந்தியா" என்று நன்றி சொல்லிவிட்டார்.

இன்டர்வியூவில் காட்ட மீரா எடுத்துவந்த அந்தப் பட்டியலின் பிரிண்ட்டை சதாசிவம் பார்த்தார். மாற்றச் சொல்லி எழுதணும் என்றாள் அவள். அப்பா பேருதானே, இருக்கட்டும் என்றார். ஒரு நகல் எடுத்துக் கல்பாக்கம் ஆபீஸ் பஸ்ஸுக்கும் கொண்டுபோனார்.

"இன்னா சார், சீட்டுன்னாலே எட்ட ஓடுவீங்க. இப்ப ஒலகம் பூரா உங்க பேரு வந்துகீது" என்றார் கூட வேலை பார்க்கும் ஸ்டோர்ஸ் பன்னீர்செல்வம்.

சதாசிவம் சிரித்துவைத்தார். இல்லை என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? சொல்லவில்லை. முப்பது வருஷம் மேலதிகாரிகள் கையெழுத்துப் போடும் கடிதங்களை எழுதிக் கொடுத்தவர். தன் பெயரைப் பார்த்ததில் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வாரமே மீரா சென்னைக்கு இன்டர்வியூ போய், சாயங்கால மின்சார ரயிலில் திரும்பினாள்.

"இது ஆம்பளை பேராச்சே, உங்க அப்பா செஞ்சதான்னு கேட்டாங்கப்பா. நான்தான்னு சொன்னேன். சிரிச்சாங்க."

அவள் அழவில்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. வேலை கிடைக்கவில்லை. பத்து நாளில் இன்னொரு கம்பெனியில் இன்டர்வியூ. அங்கேயும் இதே காகிதம்தான்.

மறுநாள் லீவு போட்டார். மீராவோடு பிரவுசிங் சென்டருக்குப் போய், தெரிந்த ஒரே ஆபீஸ் பாணியில் போலந்துக்காரருக்குக் கடிதம் சொன்னார். அவள் டைப் செய்தாள். பொருள்: பெயர்த் திருத்தம், தொடர்பாக. கீழே கையொப்பமிடும் எனக்குச் சீட்டும் தெரியாது, கம்ப்யூட்டரும் தெரியாது. வேலை முழுவதும் என் மகள் மீராவுடையது. தெரிந்தும் சில நாள் பேசாமல் இருந்தது என் தவறு. கடைசி வரியில் மட்டும் மீராவின் விரல் நின்றது. அதையும் அடி என்றார்.

நாலாம் நாள் புதிய பட்டியல் வந்தது. "மீரா, செங்கல்பட்டு" என்று போட்டு, அவள் சரிசெய்தது என்னவென்று இரண்டு வரி விளக்கமும் இருந்தது. அதற்குக் கீழே: "சதாசிவம். இந்தப் பட்டியலில் இருந்த பிழையைச் சுட்டிக்காட்டியதற்காக."

"என் பேரைத்தான் எடுக்கச் சொன்னேனே, திரும்ப எதுக்கும்மா?"

"தப்பு சொல்றவங்க எல்லாருக்கும் அவர் நன்றி போடுவாருப்பா. இது நிஜமாவே நீங்க செஞ்சது."

மறுநாள் பஸ்ஸில் பன்னீர்செல்வம் கேட்பதற்கு முன்பே சதாசிவம் காகிதத்தை நீட்டினார். முதலில் மேல் வரியைப் படிக்கச் சொன்னார்.