மலைக்கு ரொம்பப் பக்கத்தில்

அந்தக் குடும்பத்தில் 'வசதி' என்று குரல் கொடுத்தால் திரும்பிப் பார்க்கிற ஆள் ஒருத்தன்தான். லிஃப்ட் மெக்கானிக். நகரத்தின் உயரமான கட்டடங்களுக்கெல்லாம் அவன்தான் வைத்தியன். லிஃப்ட் கெட்டுப்போனால் மனிதர்களுக்குக் கிடைக்கும் தண்டனைதான் மாடிப்படி என்பது அவன் கட்சி. எதை வாங்கினாலும், எங்கே போனாலும், "வசதியா இருக்குமா?" என்றுதான் முதலில் கேட்பான். தன் கல்யாண போட்டோவுக்கே நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்தவன்.

அப்படிப்பட்டவனிடம் மலையேற்றத்துக்கு அறை பார்க்கும் பொறுப்பைக் கொடுத்தது அவன் அக்கா செய்த தவறு.

குளிர்காலம் முடிந்து ஜன்னல்களை மறுபடியும் திறந்துவைக்க ஆரம்பித்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்கா வீட்டுச் சமையலறை மேசையைச் சுற்றி நாலு பேர். தம்பி போனைக் கையில் பிடித்திருந்தான். அவன் மனைவி பல் டாக்டர். எதிரே இருப்பவர் சிரித்தால் அவர் முகத்தைப் பார்க்காமல் கடைவாயைப் பார்ப்பவள். அக்காவின் கணவர் பேக்கரி வைத்திருப்பவர். ஊர் தூங்கும்போது மாவு பிசைந்துவிட்டு, ஊர் பேசும்போது தூங்குகிறவர். இப்போதும் கண்ணை மூடித்தான் உட்கார்ந்திருந்தார்.

"மலைக்குப் பக்கத்துல இருக்கணும்டா," என்றாள் அக்கா. "காலைல கதவைத் திறந்தா மலை. அதான் வேணும். எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது."

"வெந்நீர் வரணும்," என்றாள் பல் டாக்டர்.

"கார் நிறுத்த இடம்," என்றான் தம்பி.

"மெத்தை," என்றார் பேக்கரிக்காரர், கண்ணைத் திறக்காமல்.

"மாமா, நீங்க முழிச்சிட்டிருக்கீங்களா?"

"மெத்தைன்னு சொன்னப்ப முழிச்சேன் மாப்ளே."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். ஆனால் அவளுக்கு அது வெறும் விடுமுறைப் பயணம் இல்லை.

அவள் நகரப் பேருந்து ஓட்டுநர். மார்க்கெட்டில் தொடங்கி டிப்போவில் முடியும் தடத்தில், கிளட்சை மிதித்து மிதித்தே இடது முட்டி தேய்ந்தவள். இலையுதிர் காலத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பிறகு டிப்போவில் பாஸ் கொடுக்கும் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறாள். டாக்டர், "தாராளமா ஓட்டலாம்," என்று சொல்லிவிட்டார். டிப்போ மேனேஜரும் நல்லவர்தான். "கவுண்டரா, வண்டியா? மலைக்குப் போயிட்டு வந்து திங்கட்கிழமை சொல்லும்மா. எது சொன்னாலும் சரி," என்றிருந்தார்.

வண்டி என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் சாலை நடுவே, பின்னால் இத்தனை பேர் நின்றுகொண்டிருக்கும்போது, முட்டி காலை வாரிவிட்டால்? முட்டி குணமாகிவிட்டது. முட்டியின் மேல் இருந்த நம்பிக்கைதான் இன்னும் கட்டுப் பிரிக்காமல் கிடந்தது. அதனால் தனக்குள்ளேயே ஒரு பந்தயம் கட்டிக்கொண்டாள். அந்த மலையை என் காலால் அடியிலிருந்து உச்சிவரை ஏறினால் வண்டி. முடியாவிட்டால் கவுண்டர். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஆளாளுக்கு முட்டியைப் பார்த்து அறிவுரை சொல்வார்கள்.

"கிடைச்சிடுச்சு," என்று தம்பி போனை மேசையில் வைத்தான். "வெந்நீர் இருக்கு, மெத்தை இருக்கு, பார்க்கிங் இருக்கு. பக்கம்னா இதைவிடப் பக்கம் யாராலயும் காட்ட முடியாது. புக் பண்ணிட்டேன்."

அவன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை பிற்பகல் தம்பியின் காரில் கிளம்பினார்கள். தம்பி ஓட்ட, பக்கத்தில் அக்கா. பின்னால் பல் டாக்டரும், அவள் தோளில் சரியாமல் இருக்கக் கண்ணாடியில் தலையை முட்டுக்கொடுத்துத் தூங்கும் பேக்கரிக்காரரும். மலைப்பாதை வளைவுகள் தொடங்கியதும் அக்காவின் இடது கால் தானாகவே தரையை மிதிக்க ஆரம்பித்தது.

"அக்கா, கார் தரை ஓட்டையாயிடும்."

"நீ ரெண்டாவது கியர்ல வரவேண்டிய வளைவுல மூணாவதுல வந்தா, என் கால் சும்மா இருக்குமா?"

ரோட்டோரமெல்லாம் பெயர் தெரியாத மஞ்சள் பூக்கள். மரங்களில் புதுத் தளிர். பாறை இடுக்குகளில் எல்லாம் தண்ணீர் கசிந்து மினுங்கியது. அக்கா கொஞ்ச நேரம் அதில் மயங்கித்தான் இருந்தாள். பிறகுதான் ஏதோ உறுத்தியது. வளைவுக்கு வளைவு பள்ளத்தாக்கு கீழே போய்க்கொண்டே இருந்தது.

"டேய், இன்னும் எவ்வளவு தூரம்?"

"இன்னும் கொஞ்சம்தான்க்கா. மேல."

"மேலன்னா?"

தம்பி பதில் சொல்வதற்குள் சாலை முடிந்துவிட்டது. அதற்கு மேல் போக இடமில்லை. நாலு பக்கமும் வானம். நடுவே பச்சைக் கதவு போட்ட ஒரு கல் கட்டடம். ஒரு காலத்தில் வானிலை பார்ப்பதற்காகக் கட்டி, பிறகு விடுதியாக மாற்றியது. கையில் சாவிக்கொத்தோடு விடுதிக்காரம்மா வாசலில் நின்றிருந்தார்.

"வாங்க வாங்க. வழி சிரமமா இருந்துச்சா?"

"அதெல்லாம் இல்லைங்க," என்றாள் அக்கா, சுற்றும்முற்றும் பார்த்துக்கொண்டே. "நாளைக்குக் காலைல மலை ஏறலாம்னு வந்திருக்கோம்."

"எந்த மலை?"

"இந்த மலைதான்."

விடுதிக்காரம்மா நாலு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். "இதுக்கு மேல ஏறணும்னா ஏணிதான் போடணும்."

மற்ற மூன்று தலைகளும் ஒரே நேரத்தில் தம்பி பக்கம் திரும்பின.

"அக்கா, நீதானே எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லதுன்னு சொன்னே? உச்சியோட பேரைப் போட்டுத் தேடினேன். பக்கத்துல இருக்கிறது முதல்ல வர்ற மாதிரி வெச்சேன். இதுக்கு நேரா தூரம் பூஜ்யம்னு வந்துச்சு. பூஜ்யத்தைவிடப் பக்கம் எதுக்கா?"

"மலையேற வந்தவங்களை லிஃப்ட்ல ஏத்திக் கொண்டாந்து விட்டுட்டியே மாப்ளே," என்றார் பேக்கரிக்காரர். பல் டாக்டர் சிரிப்பை அடக்க முடியாமல் காரின் மேல் சாய்ந்துவிட்டாள். விடுதிக்காரம்மாவும் சேர்ந்துகொண்டார்.

அக்கா மட்டும் விறுவிறுவென்று அறைக்குள் போய் ஜன்னலருகே நின்றாள். காலடியில் மொத்த மலையும் கிடந்தது. உழைக்காமல் கிடைத்த பரிசைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தாள். அழுகை வந்துவிடும்போல் இருந்தது. 'பூஜ்யத்தைவிடப் பக்கம் எதுக்கா' என்று தம்பி கேட்ட முகம் நினைவுக்கு வந்ததும் அது சிரிப்பாக மாறிக் கொட்டிவிட்டது.

"ஒண்ணும் குடி முழுகிப்போகலை," என்று வெளியே வந்து அறிவித்தாள். "நாளைக்குக் கீழ இறங்குவோம். அப்புறம் மேல ஏறுவோம்."

"கீழ இருந்து மதியம் ஒரு பஸ் வருதாம்க்கா," என்றான் தம்பி. அதற்குள் விசாரித்துவிட்டிருந்தான். "நடந்து இறங்கி, பஸ்ல ஏறிடலாம். வசதியா..."

அக்கா பார்த்த பார்வையில் மீதி வார்த்தையை முழுங்கினான்.

மறுநாள் காலை வெயிலோடு இறங்கத் தொடங்கினார்கள். ஒற்றையடிப் பாதை கார் வந்த சாலையின் பக்கமே போகாமல், ஓடையின் சத்தத்தோடு காட்டுக்குள் இறங்கியது. பறவைகள் ஒன்றையொன்று பேசவிடாமல் கத்திக்கொண்டிருந்தன. பேக்கரிக்காரர் பகல் வெளிச்சத்தில் இவ்வளவு நேரம் விழித்திருந்தது பேக்கரி திறந்த நாளுக்கு அப்புறம் இதுதான் முதல் தடவை என்று பல் டாக்டர் கேலி செய்தாள்.

இறக்கம் என்றால் சுலபம் என்று நினைப்பது முட்டி நன்றாக இருப்பவர்கள். ஒவ்வொரு அடியிலும் உடம்பின் கனம் முழுவதும் அக்காவின் இடது முட்டியில் வந்து உட்கார்ந்தது. அடிவாரம் வந்து சேர்ந்தபோது அவளுக்கு முகம் வெளுத்திருந்தது.

"வலிக்குதா அண்ணி?" பல் டாக்டர் மெல்லக் கேட்டாள்.

"உன் நாற்காலில உக்காந்த மாதிரி இருக்கு. வலி கம்மி, பயம் ஜாஸ்தி."

அடிவாரத்தில் ஒரு தேநீர்க் கடை, ஒரு பஸ் நிறுத்தம், அங்கே முனகிக்கொண்டு நின்ற ஒரு பழைய பேருந்து. அக்காவின் கால்கள் கேட்காமலேயே அதன் முன்பக்கம் போய் நின்றன. நரைத்த மீசையோடு ஓட்டுநர் எட்டிப் பார்த்தார்.

"கிளட்ச் எப்படிண்ணே?" என்றாள்.

"கல்லு மாதிரி. நம்ம ஆளா?"

"ஆமா," என்றாள். சொன்ன பிறகுதான், 'இன்னும் ஆமாவா?' என்று உள்ளே ஒரு குரல் கேட்டது.

மற்ற மூவரும் ஏறப்போனார்கள். ஜன்னலோரச் சீட்டுகள் காலியாகக் கண்ணைக் காட்டி அழைத்தன. அக்கா ஏறவில்லை.

"நீங்க போங்க. நான் நடந்து வரேன்."

பேக்கரிக்காரர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். மாவு புளித்துவிட்டதா என்று தொடாமலே கண்டுபிடிக்கிற மனிதர் அவர். தோள்பையில் இருந்த ரொட்டிப் பொட்டலத்தை எடுத்து அவள் கையில் வைத்தார். "மெதுவா வா. மேல காத்திட்டிருக்கேன். தூங்க மாட்டேன்."

தம்பிக்கு ஒரு கால் படியில், ஒரு கால் தரையில். "அடுத்த பஸ் எப்பண்ணே?"

"நாளைக்கு மதியம்," என்றார் ஓட்டுநர். "தம்பி, படியில நிக்காதீங்க. ஒண்ணு உள்ள வாங்க, இல்ல இறங்குங்க."

தம்பி ஜன்னலோரச் சீட்டை ஒருமுறை பார்த்தான். காதலியைப் பிரிகிறவன் பார்வை. இறங்கிவிட்டான்.

"ரூம் போட்டவன் நான்தானே," என்றான். "வா, போலாம்."

பஸ் வளைவில் மறைந்ததும் சட்டென்று அமைதியாகிவிட்டது. தலையைப் பின்னால் சாய்த்தாலும் உச்சி தெரியவில்லை.

"எப்படிக்கா ஏறப்போறோம் இவ்வளவையும்?"

"இவ்வளவையும் யாரு ஏறச் சொன்னா? எங்க தடத்துல முதல்ல டிப்போவையா பார்ப்பேன்? அடுத்த நிறுத்தத்தைத்தான் பார்ப்பேன்." மேலே தெரிந்த ஒரு பெரிய பாறையைக் காட்டினாள். "அதுதான் பழைய மார்க்கெட். அதுவரைக்கும் வண்டி எங்கயும் நிக்காது."

பழைய மார்க்கெட்டில் ஒரு வாய் தண்ணீர். அடுத்து ஓடையைத் தாண்டும் மரப்பாலம், அது ரயில்வே கேட். அதற்கு மேல் விழுந்து கிடந்த ஒரு மரம்.

"இது என்ன ஸ்டாப்?" தம்பிக்கு மூச்சு வாங்கியது.

"ஆஸ்பத்திரி."

"அப்ப நான் இங்கயே இறங்கிக்கறேன்."

அவள் சிரித்துக்கொண்டே அடுத்த அடியை எடுத்து வைத்தாள். அப்போதுதான் கவனித்தாள். இறக்கத்தில் அவ்வளவு மிரட்டிய முட்டி ஏற்றத்தில் வாயே திறக்கவில்லை. பாதத்தை ஊன்று, அழுத்து, மெல்ல விடு. கிளட்ச். இந்த மலை முழுவதும் கிளட்ச்தான்.

ஆனால் அடுத்த நிறுத்தத்துக்கு முன்னால், செங்குத்தான ஒரு சரளைப் பாதையில் இடது கால் வழுக்கி, முட்டியில் சுருக்கென்று ஏதோ இழுத்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"போதும்க்கா. திரும்பிடலாம்."

"எங்க திரும்புறது?" என்று கேட்டாள். கேட்டதும் அவளுக்கே அது புரிந்தது. கீழே பஸ் இல்லை. படுக்கை மேலே. சாப்பாடு மேலே. புருஷன் மேலே. அடிவாரத்தில் அறை இருந்திருந்தால் இந்த இடத்தில் நிச்சயம் திரும்பியிருப்பாள். திரும்பி, வெந்நீரில் குளித்து, திங்கட்கிழமை கவுண்டர் என்று சொல்லியிருப்பாள்.

ரொட்டியைப் பிய்த்து ஆளுக்குப் பாதியாக்கிவிட்டு, பந்தயத்தைத் தம்பியிடம் சொன்னாள். அவன் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"இதை முன்னாடியே சொல்லியிருந்தா கீழயே ரூம் போட்டிருப்பேனே."

"நல்லவேளை சொல்லலை," என்று சொல்லிவிட்டு அவள் எழுந்தாள். முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்தாள். இழுத்தது விட்டிருந்தது. "வண்டி கிளம்புது. அடுத்து பொண்ணுங்க ஸ்கூல்."

பொண்ணுங்க ஸ்கூல், தபாலாபீஸ், பூங்கா என்று மலைமேல் ஒரு நகரமே முளைத்தது. ஸ்கூல் நிறுத்தத்திலிருந்து தம்பிதான் குரல் கொடுத்துக்கொண்டு வந்தான்: "இறங்குறவங்க இறங்கலாம். யாரும் இல்லையா? ரைட், போலாம்." கடைசி ஏற்றத்தில் காற்று வந்து முகத்தில் அறைந்தது. பச்சைக் கதவு தெரிந்தது. வாசல் திட்டில் பேக்கரிக்காரர் கண்ணைக் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பல் டாக்டர், விடுதிக்காரம்மாவிடம் அவருடைய கடைவாய்ப் பல்லைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தாள்.

"டிப்போ," என்றாள் அக்கா. "எல்லாரும் இறங்குங்க."

தம்பி புல்லில் மல்லாந்து விழுந்தான். "யாராவது போட்டோ எடுங்க. நான் ஏறினேன்னு சொன்னா ஆபீஸ்ல ஒருத்தனும் நம்ப மாட்டான்."

"எழுந்து நில்லுங்க, எடுக்கறேன்," என்றாள் அவன் மனைவி.

"படுத்திருக்கும்போதே எடு. வசதியா இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை காலை பெட்டிகளைக் காரில் ஏற்றி முடித்ததும், தம்பி ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தான். அவன் எதிரே ஒரு கை நீண்டது.

"சாவி."

அவன் கொடுத்துவிட்டுப் பின்சீட்டுக்குப் போனான். அக்கா இருக்கையை முன்னால் இழுத்தாள், கண்ணாடியைத் திருத்தினாள், இடது காலைக் கிளட்சின் மேல் வைத்தாள். அது கல் மாதிரி இல்லை, பஞ்சு மாதிரி இருந்தது.

விடுதிக்காரம்மாவிடம் விடைபெற இறங்கிய பேக்கரிக்காரர் இன்னும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "திங்கட்கிழமை மேனேஜர்கிட்ட என்ன சொல்லப்போறே?"

அக்கா சாலையைப் பார்த்தபடியே கியரைப் போட்டாள்.

"படியில நிக்காதீங்க," என்றாள். "உள்ள வாங்க. வண்டி கிளம்புது."