மேடைக்கு அடியில் இருந்த கதவு

அந்த வாரம் ஒவ்வொரு வகுப்பிலும் பிள்ளைகளை உட்கார வைத்துப் பேச வேண்டும் என்று ஹெச்.எம். உத்தரவு போட்டிருந்தார். மரியாதை என்றால் என்ன, பாதுகாப்பு என்றால் என்ன என்று பிள்ளைகளே வாய் திறந்து சொல்ல வேண்டும். சொன்னதைச் செய்தும் பழக வேண்டும். ஆறாம் வகுப்புக்குப் பொறுப்பான சமூக அறிவியல் மிஸ்ஸுக்கு அது பெரிய காரியமாகத் தெரியவில்லை. வேலையில் சேர்ந்து இன்னும் ஒரு வருஷம் முடியவில்லை, நல்ல பேர் வாங்கும் ஆசை வேறு. வீட்டிலேயே மூன்று நிறத்தில் சார்ட் எழுதிச் சுருட்டிக் கொண்டுவந்துவிட்டாள்.

முதல் பீரியடில் சார்ட்டைச் சுவரில் ஒட்டிவிட்டுக் கேட்டாள். பெரியவர்களுக்கு வணக்கம் சொல்ல வேண்டும், மிஸ் வந்தால் எழுந்து நிற்க வேண்டும், வரிசையில் போக வேண்டும் என்று கிளிப்பிள்ளைகள் மாதிரி ஒப்பித்தார்கள். அவளுக்கும் அது போதுமாக இருந்தது. மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருந்ததால், இந்தப் பள்ளிக்கூடத்தில் உங்களுக்கு ரொம்பப் பாதுகாப்பான இடம் எது என்று சும்மா கேட்டு வைத்தாள். ஒருத்தி லைப்ரரி என்றாள். இன்னொருத்தன் ஹெச்.எம். ரூம் என்றான், அங்கே அடிவாங்கப் போகிறவனைத் தவிர வேறு யாருக்கும் அடி விழாது என்று விளக்கமும் சொன்னான்.

அப்போதுதான் நத்தை கை தூக்கினான்.

பையை முதுகிலிருந்து இறக்கவே மாட்டான் என்பதால் அவனுக்கு அந்தப் பேர். பெஞ்சில் உட்கார்ந்தாலும் பை முதுகில்தான், சாப்பிடும்போதும் முதுகில்தான். மூச்சிரைப்பு உள்ள பையன். இன்ஹேலர் பையின் முன்பக்க ஜிப்பில் இருக்கும்.

"மேடைக்கு அடியில மிஸ்" என்றான்.

வகுப்பே கொல்லென்று சிரித்தது. கூட்டம் நடக்கிற ஹாலில் ஒரு மேடை உண்டு. அதன் பக்கவாட்டில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு தகரக் கதவு. உள்ளே உடைந்த பெஞ்சுகளும் பழைய திரைச்சீலையும் கிடந்தன. அங்கே போய் என்னடா பண்ணுவே, எலிக்குப் பாடம் எடுப்பியா என்று புல்லட் கேட்டான். எதையும் இடித்துக்கொண்டு ஓடுகிறவன் அவன், அதனால் அந்தப் பேர். எலிக்குப் பாடம் என்றதும் மிஸ்ஸுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டு, அதெல்லாம் போகக் கூடாத இடம், பூச்சி பொட்டு இருக்கும் என்றாள். நத்தை கையை இறக்கிக்கொண்டான்.

மத்தியானம் சாப்பாட்டு மணி முடிகிற நேரத்தில் அவள் ஹால் வழியாக வந்தாள். தகரக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. காலையில் பையன் சொன்னது நினைவுக்கு வந்தது. நல்லவேளை கண்ணில் பட்டது, எவனாவது உள்ளே போய் ஆணியில் காலைக் குத்திக்கொண்டால் தன் தலையில்தான் விடியும் என்று நினைத்துக் கதவை இழுத்துச் சாத்தினாள். தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. செருப்புக் காலால் ஒரு தட்டுத் தட்டி உள்ளே தள்ளிவிட்டு, பாதுகாப்புக்காக ஒரு நல்ல காரியம் செய்த நிறைவோடு கையிலிருந்த தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டு போனாள்.

மத்தியானத்துக்கு மேல் ஆறாம் வகுப்புக்கு மைதானத்தில் விளையாட்டுப் பயிற்சி. நாலு வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தார்கள். யார் வந்தார்கள் யார் வரவில்லை என்று யாரும் கூப்பிட்டுப் பார்க்கவில்லை.

பள்ளி விட்டு வாசல் காலியாகிக்கொண்டிருந்தபோது வேன் டிரைவர் வந்தார். எல்லாப் பிள்ளையும் ஏறியாச்சு, நத்தையை மட்டும் காணோம் என்றார். டாய்லெட்டில் இருப்பான் என்று மிஸ் சொன்னாள். டாய்லெட்டில் இல்லை. தண்ணீர்க் குழாயடியில் இல்லை. வகுப்புக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். கதவுக்குப் பின்னால், துடைப்பம் சாத்தி வைக்கும் மூலையில் அவன் பை கிடந்தது.

பை இருக்கிறது, பையன் இல்லை. முன்பக்க ஜிப்பைத் தடவிப் பார்த்தாள். இன்ஹேலர் உள்ளேயே இருந்தது.

பிறகு நடந்ததெல்லாம் ஓட்டம்தான். பி.டி. சார் மைதானத்துப் புதர்ப் பக்கம் ஓடினார். வாட்ச்மேன் மொட்டை மாடிக்கு ஏறினார். டிரைவர் பின்பக்கத்துக் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, பேசாமல் ஒரு நீளக் கழியைத் தேடினார். அவர் கழி தேடுவதை மிஸ் பார்த்தாள். பிள்ளையின் பேரைச் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தாள். வெறும் காற்றுதான் வந்தது.

பையனின் அம்மா வந்து சேர்ந்தாள். பெட்ரோல் பங்கில் வேலை. சீருடையைக்கூட மாற்றாமல், எண்ணெய் வாடையோடு வந்திருந்தாள். அழவில்லை. பையை வாங்கி ஜிப்பைத் திறந்து இன்ஹேலரைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"இது இல்லாம அவன் மாடிப்படிகூட ஏறமாட்டான் மிஸ். பையை யாரு கழட்டுனா?"

நத்தையை எப்போதும் சீண்டுகிறவன் என்று, வேனுக்குள் உட்கார்ந்திருந்த புல்லட்டை ஹெச்.எம். இறக்கிக் கூட்டிவந்தார். அவன் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. முதலில் எதுவும் தெரியாது என்றான். ஹெச்.எம். குரலை உயர்த்தியதும் இன்னும் இறுகிப்போனான். அம்மாக்காரி அவன் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, உன்னை அடிக்கமாட்டேன்ப்பா, அவனுக்கு மூச்சு வாங்கும், அவ்வளவுதான் சொல்லு என்றாள். அதைக் கேட்டதும் அவன் உடைந்து அழுதான். சாப்பாட்டு நேரத்தில் விளையாட்டுக்குப் பையைப் பிடுங்கினோம், ஒளிச்சு வச்சோம், அவன் கேட்டுக் கேட்டுப் பார்த்தான், நாங்க துரத்தினோம், ஓடிட்டான் என்றான்.

"எங்கடா ஓடுனான்?" என்று மிஸ் கேட்டாள்.

"ஹால் பக்கம் மிஸ். உள்ள போய்ப் பாத்தோம், ஆளக் காணோம்."

மிஸ்ஸுக்குத் துருப்பிடித்த தாழ்ப்பாளும், அதைத் தட்டித் தள்ளிய தன் செருப்புக் காலும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. மத்தியானத்திலிருந்து இவ்வளவு நேரம். தகரக் கதவு, காற்று போக வழியில்லை, தூசி. அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் ஓடினாள். புடவை தடுக்கி ஹால் வாசலில் விழுந்து, எழுந்து ஓடினாள்.

தாழ்ப்பாள் நகரவில்லை. உள்ளே போகும்போது ஒரு தட்டில் போனது, வெளியே வர மறுத்தது. நகம் பிய்ந்து ரத்தம் வந்தது அவளுக்குத் தெரியவில்லை. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. அந்தச் சத்தமின்மைதான் அவளைக் கொன்றது. பின்னாலேயே வந்த டிரைவர் அவளை நகர்த்திவிட்டு, கையிலிருந்த கழியாலேயே தாழ்ப்பாளை இடித்துத் தள்ளினார்.

இருட்டு. புழுக்கம். திரைச்சீலைக் குவியலின் மேல் நத்தை முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. மூச்சு விசில் மாதிரி வந்தது. உதட்டில் நிறமில்லை. ஆனால் கண் திறந்திருந்தது; வெளிச்சத்தைப் பார்த்துக் கூசியது.

அம்மாக்காரி தவழ்ந்து உள்ளே போனாள். இன்ஹேலரை வாயில் வைத்து, மெதுவா, மெதுவா கண்ணு என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் நெஞ்சு தணிகிற வரையில் வெளியே நின்ற யாரும் மூச்சு விடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து, ஒரு நாள் இருக்கட்டும், பயமில்லை என்றார்கள். கட்டிலைச் சுற்றி ஹெச்.எம்.மும் மிஸ்ஸும் அம்மாவும் நின்றார்கள். ஹெச்.எம். கோபத்தில் கொதித்துக்கொண்டிருந்தார். உள்ளே தள்ளித் தாழ்ப்பாளும் போட்டிருக்கிறார்கள், புல்லட்டை நாளைக்கே பள்ளியை விட்டு அனுப்பப் போகிறேன் என்றார்.

மிஸ் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வேலை போகும். போலீஸ் வரைகூடப் போகலாம். யாரும் பார்க்கவில்லை, யாருக்கும் தெரியாது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று போக வேண்டியதுதான். கட்டிலில் கிடந்த பையனைப் பார்த்தாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை, இவள் என்ன சொல்லப் போகிறாள் என்று எதிர்பார்க்கிற மாதிரியும் இல்லை. பெரியவர்கள் இப்படித்தான் என்று பழகிப்போன ஒரு பார்வை. அதை அவளால் தாங்க முடியவில்லை.

"தாழ்ப்பாள் போட்டது அவங்க இல்ல மேடம். நான்தான். உள்ள பாக்காமப் போட்டுட்டேன்."

ஹெச்.எம். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மிஸ் கட்டிலின் ஓரத்துக்குப் போய்க் குனிந்தாள். நான் பக்கத்தில்தானே நின்றேன், ஏன் கண்ணா கூப்பிடவில்லை என்று கேட்டாள். அவன் மூக்கிலிருந்த குழாயைச் சரிசெய்துகொண்டு யோசித்தான்.

"மொதல்ல கதவச் சாத்துனது அந்தப் பசங்கன்னு நெனச்சேன். அப்புறம் செருப்புச் சத்தத்துல நீங்கன்னு தெரிஞ்சுது. ஆனா காலையில நீங்களும் சிரிச்சீங்கல்ல மிஸ். போகக் கூடாதுன்னும் சொன்னீங்க. திட்டுவீங்கன்னு இருந்துட்டேன். அப்புறம் கத்த மூச்சு வரல."

அம்மாக்காரி மிஸ்ஸைத் திட்டவில்லை, மன்னிக்கவும் இல்லை. பையனின் போர்வையை இழுத்துவிட்டபடி, "இனிமே எந்தத் தைரியத்துல இவன அங்க அனுப்புறது? அத மட்டும் சொல்லுங்க" என்றாள். அதற்குத் தன்னிடம் பதில் இல்லை என்று மிஸ் சொன்னாள்.

நிர்வாகம் அவளை விசாரித்தது. எச்சரித்து எழுதி வாங்கிக்கொண்டது. அந்த வருஷம் முழுக்க அவள் தலைக்கு மேல் கத்தி தொங்கிக்கொண்டுதான் இருந்தது. புல்லட்டை அனுப்பவில்லை. அவன் அப்பாவோடு பெட்ரோல் பங்குக்குப் போய் அம்மாக்காரி முன்னால் தலை குனிந்து நின்றான் என்று கேள்வி.

நத்தை திரும்பி வந்த அன்று மிஸ் சார்ட்டைக் கிழித்துவிட்டு வகுப்பில் நின்றாள். நடந்ததை மறைக்காமல் பிள்ளைகளிடம் சொன்னாள். நான் சிரித்தேன், அதனால் அவன் என்னைக் கூப்பிடவில்லை என்றாள். பிறகு, இந்தப் பள்ளிக்கூடத்தில் எங்கே போனால் உங்களுக்குப் பயமாக இருக்கிறது என்று கேட்டாள். முதலில் ஒரு சின்னப் பெண், டாய்லெட் கதவை வெளியே நின்று ஆட்டுவார்கள் என்றாள். அதற்கப்புறம் மடை திறந்த மாதிரி வந்தது. மாடிப்படித் திருப்பம், வேனின் கடைசி சீட், சாப்பாட்டு டப்பாவைத் தட்டிவிடும் வரிசை. அவள் குறுக்கே பேசவில்லை. சிரிக்கவும் இல்லை.

வேண்டாம் என்று ஒருத்தர் சொன்னால் அந்த இடத்திலேயே கையை எடுத்துவிட வேண்டும் என்று அவர்களே முடிவு செய்தார்கள். பேசி முடிவு செய்தால் போதாது என்று இரண்டு இரண்டு பேராக எழுந்து செய்து பார்த்தார்கள். முதலில் ஒரே கேலி. புல்லட் முறை வந்தபோது எதிரில் நத்தை நின்றான். நத்தை வேண்டாம் என்றது யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் புல்லட் கையைச் சட்டென்று பின்னால் கட்டிக்கொண்டு இரண்டடி தள்ளிப் போனான். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.

கத்த முடியாதவர்கள் என்ன செய்வது என்று அந்தச் சின்னப் பெண் கேட்டாள். கையில் கிடைத்ததைத் தட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. உடனே எல்லோரும் பெஞ்சைத் தட்டிப் பார்த்ததில் பக்கத்து வகுப்பு சார் பதறியடித்துக்கொண்டு ஓடிவந்தார். மிஸ்ஸுக்கு ஒரு விதி வேண்டும் என்று புல்லட் சொன்னான். எந்தக் கதவையும் மூடுவதற்கு முன்னால் உள்ளே பார்த்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். சரி என்றாள்.

பேர் என்றதும் நத்தையிடம் கேட்டாள், உன்னை எப்படிக் கூப்பிடட்டும் என்று. அவன் பை வாரைப் பிடித்துக்கொண்டு யோசித்தான்.

"நத்தைன்னே கூப்பிடுங்க மிஸ். பையத் தொடாம இருந்தா போதும்."

அவன் அப்புறமும் வாசலுக்குப் பக்கத்துப் பெஞ்சில்தான் உட்கார்ந்தான். புல்லட் வேகமாகக் கடந்து போனால் தோள் சுருங்கியது. ஒரு பாடத்தில் போகிற பயமா அது? மிஸ்ஸுக்கும் அப்படித்தான். வீட்டில் அலமாரியைச் சாத்தும்போதுகூட உள்ளே எட்டிப் பார்த்தாள். அவள் புருஷன் முதலில் கேலி செய்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வந்து தானும் எட்டிப் பார்த்தான்.