அடியில் விரித்த துணி

அப்பாவின் தலைமாட்டுச் சுவரில் அண்ணன் ஆணி அடித்துக்கொண்டிருந்தான். படுத்துக் கிடப்பவரின் காதுக்குப் பக்கத்திலேயே சுத்தியல். நேற்று எதை வரையும்போது விழுந்து இறந்தாரோ அந்தப் படத்தை வருகிறவர்கள் பார்க்க வேண்டுமாம். "பெயிண்ட்டைக் கொட்டிப் பாழாக்குறாரு" என்று இருபது வருஷம் ஏசிய அதே வாய். தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணன் மாட்டிய துணி விரிந்தது. அது படமே இல்லை.

அப்பா வரைந்தது அரூப ஓவியம். கேன்வாஸைத் தரையில் விரித்து, வெறுங்காலோடு சுற்றி வருவார். டின்னைச் சரித்து ஊற்றுவார், குச்சியால் சொட்டவிடுவார், முழுக் கையையும் வீசித் தெறிப்பார். ஒன்று காய்ந்த பிறகுதான் அடுத்த நிறம். மரமா முகமா என்று கேட்டால், "என் கோபம்னு வச்சுக்கோ" என்பார். தரை கெடாமல் அடியில் ஒரு பழைய துணி கிடக்கும். வெளியே தெறித்த நிறமெல்லாம் அதில் விழும். கேன்வாஸ் கிடந்த நடு இடம் மட்டும் வெறுமையாக இருக்கும்.

இப்போது சுவரில் தொங்கிய அந்த வெறுமையைப் பார்த்துப் பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாவு வரப்போவது தம்பிக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது என்றார்.

"இதுக்கு மேல கிடந்தது எங்க?" என்றாள்.

"அந்தக் கறுப்புத் துணியா? வாசல்ல ஒரே சேறு. நாற்காலி போட விரிச்சிட்டேன்."

"அதுதான் படம். ஒரே வீட்டுல இருந்தியே, ஒருநாளாவது அவர் வேலை செய்யறத நின்னு பாத்தியா?"

அண்ணன் சுத்தியலைக் கீழே வைத்தான். "நீ பாத்தியா? ஆறு வருஷம் எட்டிப் பாக்காதவ, காலைல ஓடி வந்துட்டு என்னைக் கேக்குற."

அவள் வாசலுக்குப் போனாள். உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பினாள், நாற்காலிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டாள். பைத்தியமா என்று யாரோ முணுமுணுத்தார்கள். கறுப்பு, சாம்பல், அதன் மேல் ஊரார் மிதித்த சேறு. படியோரத்தில், வெள்ளைப் பெயிண்ட்டில் பதிந்து காய்ந்த ஒரு வெறுங்கால். பெருவிரல் தனியே விலகிய அப்பாவின் கால்.

அதன் குறுக்கே ஒரு செருப்புத் தடம். குதிகாலில் பூப்போட்ட அச்சு.

பின்னாலேயே வந்த அண்ணன், ஒரு பக்கம் தான் பிடிக்கட்டுமா என்று கேட்டான்.

படிக்குக் கீழே காலையில் கழற்றிப்போட்ட தன் செருப்பை அவள் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். சேறு பூவுக்குள் காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்ட ஆரம்பித்தாள்.